பிரம்பா, வினாவா? – நடத்தைவழி ஆலோசனை கடந்துவந்த பாதை



பெற்றோர் சந்திப்பு நாளில் தோட்டப்புறத்துப் பெற்றோர் சிலர் இன்றும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு, மத்த இடத்துல தோலை உரிச்சிடுங்க சார்." பிள்ளைமீது அன்பில்லாததால் வரும் பேச்சன்று இது. பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்ற அச்சத்தில் பிறக்கும் பேச்சு. ஆசிரியர்களாகிய நாமும் ஒரு வாசகத்தை வைத்திருக்கிறோம்: "ஏன்டா இப்படிச் செய்தாய்?" இந்தக் கேள்விக்குப் பிள்ளையிடமிருந்து விடை வந்ததாக எனக்கு நினைவில்லை. தலை குனியும், கால் கட்டைவிரல் தரையைக் கீறும், அவ்வளவுதான்.

அடிக்கும் மேலாக, 'ஏன்' என்ற கேள்விக்கும் மேலாக வேறு வழி உண்டா என்று உலகின் பல மூலைகளில் சிலர் தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. நடத்தைவழிச் சிகிச்சை என்றும், பின்னாளில் தீர்வுநோக்கு ஆலோசனை என்றும் அதன் கிளைகள் பெயர் பெற்றன. இவற்றைப் பற்றி இங்கே எழுதக் காரணம் உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசனை ஆசிரியர் அமைவது அரிது. ஆகவே, "இதெல்லாம் வல்லுநர் வேலை, நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இம்முறைகளை வளர்த்தெடுத்ததில் செவிலியருக்கும் வகுப்பாசிரியருக்கும் தாய்தந்தையருக்கும் பெரும்பங்கு உண்டு.

1. தோட்டப்பள்ளியும் பிரம்பும்

தம்பின் இரு மாநில எல்லையில் அமைந்த ஊர். ஊர் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. அதன் தொடர்வண்டி நிலையமோ மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில் இருக்கிறது. ரெப்பா, ஆயர் கூனிங், கெமெஞ்சே, கெமாஸ் என விரியும் இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவ வந்தவர்களே நம் முன்னோர்.

நெகிரி செம்பிலான் அன்று ஐக்கிய மலாய் மாநிலங்களுள் ஒன்று. அம்மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதுமான அளவில் வரவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரோ ஆசிரியரானார். ஒரே அறையில் எல்லா வயதுப் பிள்ளைகளும் அமர்ந்திருக்க, அவர்களை அடக்கி உட்கார வைக்க அவருக்குத் தெரிந்த கருவி பிரம்பு ஒன்றே. பெற்றோருடைய வேலைக்களமும் அதட்டலாலும் தண்டத்தாலும் நடத்தப்பட்ட இடந்தான். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழி அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

நாடு விடுதலை பெற்றபின், 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்படிக்கு வரம்பு விதித்தன. அடிக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம், அல்லது அவர் ஒப்படைக்கும் ஆசிரியரிடம் இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளை அடிக்கலாகாது என்று வகுத்தன. 1963-இல் கொழும்புத் திட்டத்தின்வழி வந்த மெக்கன்சி என்ற வல்லுநரின் துணையோடு, பள்ளிகளில் வழிகாட்டல் பணியைக் கல்வி அமைச்சு தொடங்கியது. இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசனை ஆசிரியர் என்ற முடிவு 1996-இல்தான் வந்தது. தொடக்கப்பள்ளிகளுக்கு அது இன்னும் பிந்தி, மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து வந்தது. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெற்றவரே தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்றது. இது நல்ல சட்டம். நாம் அப்பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது. ஆனால் அவர்கள் கைக்கொள்ளும் கேள்விகளைக் கற்றுக்கொள்ளலாம்.

2. அச்சத்தைக் கற்பித்தவரும் அதை நீக்கியவரும்

1920-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட கைக்குழந்தை வெள்ளெலியைக் கண்டு அஞ்சாமல் விளையாடியது. குழந்தை எலியைத் தொடும் போதெல்லாம் அதன் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்து ஓசை எழுப்பினார்கள். சிலமுறை இப்படிச் செய்ததும், எலியைப் பார்த்தாலே குழந்தை அழத்தொடங்கியது. பிறகு முயலுக்கும் அஞ்சியது. அந்த அச்சத்தை நீக்காமலேயே குழந்தை அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டது. இன்றைய அறநெறிப்படி இப்படியோர் ஆய்வைச் செய்யவே முடியாது.

அச்சம் கற்பிக்கப்படுகிறது என்றால், அதை நீக்கவும் கற்பிக்க முடியுமல்லவா? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம்பெண். 1924-இல் அவர் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். ஏறத்தாழ மூன்று வயதுடைய பீட்டர் முயல், எலி, கம்பளி உடுப்பு, பஞ்சு ஆகியவற்றுக்கு அஞ்சினான். ஜோன்ஸ் அவனை அதட்டவில்லை. "பயப்படாதே" என்று அறிவுரையும் கூறவில்லை. அச்சமற்ற பிள்ளைகளோடு விளையாடவிட்டு, முயலைக் கூண்டில் வைத்துத் தொலைவில் காட்டினார். பீட்டர் தனக்குப் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிடும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இடையில் பீட்டர் காய்ச்சல் கண்டு மருத்துவமனைக்குப் போனான். திரும்பும் வழியில் ஒரு பெரிய நாயால் மிரண்டான். பழைய அச்சம் மீண்டது. ஜோன்ஸ் மறுபடியும் தொலைவிலிருந்தே தொடங்கினார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான்.

இந்நிகழ்ச்சியில் ஆசிரியர்களுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, படி சிறியதாக இருக்கவேண்டும். மற்றொன்று, பின்னடைவு வந்தால் முயற்சி வீணாயிற்று என்று பொருளில்லை. ஒரு படி இறங்கி மீண்டும் ஏறவேண்டும். வாசிக்கச் சொன்னால் நடுங்கும் பிள்ளையை முதல் நாளே சபைகூடலில் மேடையேற்றுவதும், முயலைத் தூக்கிப் பீட்டரின் மடியில் போடுவதும் ஒன்றுதான்.

3. போரின் காயங்கள்

ஜோன்சின் ஆய்வு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதற்கு மறுவாழ்வு தந்தவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி. இரண்டாம் உலகப்போரின்போது இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய அவரிடம், போர்க்களத்தால் மனம் சிதைந்த வீரர்கள் வந்தார்கள். மருந்து கொடுத்து, நடந்ததையெல்லாம் பேசவைத்தால் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. அது வோல்பிக்கு நிறைவளிக்கவில்லை. போருக்குப்பின் அவர் உருவாக்கிய முறை 1958-இல் நூலாக வந்தது. உடலைத் தளர்த்தி அமைதியடையக் கற்பித்துவிட்டு, அச்சந்தரும் காட்சிகளை மிகச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக மனத்தில் காணச்செய்வது அம்முறை.

வோல்பி தம் வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே போர்க்காலத்தில் நம் வட்டாரத்தில் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். சப்பானியர் ஆட்சியில் தம்பினிலிருந்து மலாக்கா செல்லும் கிளை இருப்புப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அப்பாதையை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். பெருந்தொகையினர் அங்கேயே மாண்டனர். மீண்டு வந்தவர்கள் மறுபடியும் சீவுகத்தியை எடுத்தார்கள். அவர்களுடைய இரவுகளைப் பற்றிக் கேட்க எந்த வோல்பியும் இங்கே இருக்கவில்லை. பல வீடுகளில் கள்ளே மருந்தாயிற்று என்று நான் எண்ணுகிறேன். நம் சமூகத்தின் குடிப்பழக்கத்தைப் பழிக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

4. செவிலியரும் வகுப்பாசிரியரும்

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், ஒரு செயலின் பின்விளைவே அச்செயலை வளர்க்கிறது அல்லது தேய்க்கிறது என்று காட்டியவர். தண்டனை தீய செயலை அப்போதைக்கு அடக்குமே தவிர நல்ல செயலைக் கற்பிக்காது என்பது அவர் கருத்து. 1953 நவம்பரில் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப்போன அவர், பிள்ளைகள் தம் விடை சரியா தவறா என்று உடனுக்குடன் அறிய வழியில்லாததையும், எல்லாரும் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்லப்படுவதையும் கண்டு வருந்தினார்.

அவருடைய கருத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர்கள் எளிய பணியாளர்கள். 1959-இல் அய்யோன், மைக்கேல் என்ற இருவர், கனடாவின் ஒரு மனநல மருத்துவமனையில் செவிலியர்களைக் கொண்டு செய்த பணியை வெளியிட்டனர். ஒரு நோயாளிப் பெண் செவிலியர் அறைக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முறை நுழைந்து தொல்லை தந்துவந்தார். ஒவ்வொரு முறையும் செவிலியர் அவரைக் கடிந்து, கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றனர். அந்தக் கவனிப்பே அவரை மீண்டும் வரச்செய்கிறது என்று கண்டு, வரும்போது பொருட்படுத்தாமல் இருக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் வருகை வெகுவாகக் குறைந்தது.

1968-இல் மேட்சன், பெக்கர் முதலியோர் தொடக்கப்பள்ளி வகுப்பில் செய்த ஆய்வு நம் அனைவருக்கும் உரியது. பிள்ளைகள் எழுந்து நிற்கும்போது "உட்கார்" என்று ஆசிரியர் எவ்வளவு மிகுதியாகச் சொன்னாரோ, அவ்வளவு மிகுதியாகப் பிள்ளைகள் எழுந்தார்கள். உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டத் தொடங்கியதும் எழுவது குறைந்தது. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வகுப்பு விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுவதால் மட்டும் பயன் மிகக் குறைவு என்றும், நல்லதைக் கண்டு சொல்வதே முதன்மையானது என்றும் காட்டியது.

1969-இல் வெளியான இன்னொரு முறைக்கு வித்திட்டவர் முரியல் சாண்டர்ஸ் என்ற வகுப்பாசிரியை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 24 பிள்ளைகள் கொண்ட அவரது நான்காம் வகுப்பு கட்டுக்கடங்காமல் இருந்தது. வகுப்பை இரு குழுவாகப் பிரித்தார். இடத்தைவிட்டு எழுந்தாலோ அனுமதியின்றிப் பேசினாலோ அக்குழுவின் பெயரில் கரும்பலகையில் ஒரு கோடு. குறைந்த கோடுகள் பெற்ற குழுவுக்கு வெற்றி. இரண்டுமே வரம்புக்குள் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. பரிசு என்ன? முதலில் வரிசையில் நின்று உணவுக்குச் செல்வது, சிறிது நேரம் விருப்பப்படி விளையாடுவது போன்றவை. செலவே இல்லை. வகுப்பின் இரைச்சல் பெருமளவு அடங்கியது.

பிற்காலத்தில் பால்டிமோர் நகரில் 1985-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளிடம் கெல்லம் என்பவர் குழுவினர் இவ்விளையாட்டை நடத்தினார்கள். அப்பிள்ளைகள் 19 முதல் 21 வயதை எட்டியபோது தேடிச்சென்று பார்த்தார்கள். சிறுவயதில் மிகவும் முரட்டுத்தனமாக இருந்த ஆண்பிள்ளைகளில், இவ்விளையாட்டை ஆடியவர்களிடையே போதைப்பொருள், மதுச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. குண்டர் கும்பலையும் குடியையும் எண்ணிக் கவலைப்படும் நம் சமூகத்துக்கு இச்செய்தி சிறியதன்று. ஆறேழு வயதில் வகுப்பறை எப்படி நடந்தது என்பது இருபது வயது வரை நிழல்போல் தொடர்கிறது.

"பரிசு கொடுத்தால் லஞ்சம் ஆகிவிடாதா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். 1973-இல் லெப்பர் முதலியோர் நடத்திய ஆய்வில், வரைவதை இயல்பாகவே விரும்பிய சிறு பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பின்னர் அப்பிள்ளைகளின் ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அக்குறை காணப்படவில்லை. ஆகவே, பிள்ளை விரும்பிச் செய்வதற்கு விலை பேசாதீர்கள். செய்யத் தயங்குவதற்கு மட்டும், சிறிது காலத்துக்கு மட்டும், பரிசைப் படிக்கட்டாகப் பயன்படுத்துங்கள். செய்ததை எடுத்துச் சொல்லும் ஒரு சொல்லே பல நேரங்களில் போதும்.

5. மில்வாக்கியில் மாறிய கேள்வி

1966-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பிஷ், வீக்லண்ட், வாட்ஸ்லாவிக் ஆகியோர் குறுகிய கால ஆலோசனைக்கென ஒரு மையம் தொடங்கினர். சிக்கலைத் தீர்க்க நாம் திரும்பத் திரும்பச் செய்யும் முயற்சியே சிக்கலைக் காக்கும் வேலியாகிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. "உட்கார்" என்று கத்திய ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களிடமிருந்து ஊக்கம் பெற்றவர்கள் ஸ்டீவ் டி ஷேசரும் அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும். பெர்க் கொரியாவில் பிறந்தவர். 1978-இல் மில்வாக்கி நகரில் இவ்விருவரும் நண்பர்களும் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தை நிறுவினர். 1982-இல் அங்கு வந்த ஒரு குடும்பம் அடுக்கடுக்காக 27 சிக்கல்களைச் சொன்னது. எதை முதலில் எடுப்பது? குழுவினர் எதையும் எடுக்கவில்லை. "அடுத்தமுறை வரும்வரை, உங்கள் வீட்டில் நடப்பவற்றுள் எவையெல்லாம் தொடர்ந்து நடக்கவேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அவற்றைக் கவனித்து வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினர். திரும்பி வந்த குடும்பம், பல நல்லவை நடந்ததையும் நிலைமை தேறியதையும் எடுத்துச் சொன்னது.

இதிலிருந்து அவர்கள் வழிமுறை கிளைவிட்டது. சிக்கல் இல்லாதிருந்த வேளை எது என்று கேட்டார்கள். 0 முதல் 10 வரையுள்ள அளவில் இன்று எங்கே நிற்கிறாய், ஒரு புள்ளி ஏறினால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டார்கள். இன்றிரவு நீ உறங்கும்போது ஓர் அதிசயம் நிகழ்ந்து சிக்கல் தீர்ந்துவிட்டால், காலையில் எதைக் கண்டு அதை அறிவாய் என்று கேட்டார்கள். இக்கடைசிக் கேள்வி, "அதிசயம் நடந்தால்தான் உண்டு" என்று மனமுடைந்து சொன்ன ஒரு பெண்ணின் வாயிலிருந்து பெர்க்குக்குக் கிடைத்தது. 1987-இல் அம்மையத்தினர் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பில், கேட்கப்பட்ட 30 பேரில் 20 பேர், ஆலோசனைக்கு வருமுன்பே சிறிது மாற்றம் தொடங்கிவிட்டது என்றனர். யாரும் கேட்காததால் அதுவரை சொல்லாமல் இருந்தார்கள்.

வேரைத் தேடு, காரணத்தைக் கண்டுபிடி என்றே பழகியவர்கள் நாம். உடல்நோய்க்கு அது பொருந்தும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் சேட்டைக்கு வேரைத் தேடினால், நம் கையில் சிக்குவது பெரும்பாலும் "அப்பன் குடிகாரன்", "தோட்டத்துப் பிள்ளை" என்ற முத்திரைகளே. அந்த வேரை ஆசிரியரால் பிடுங்கவும் இயலாது. பெர்க் பிற்காலத்தில், 2002-இல், லீ ஷில்ட்சுடன் சேர்ந்து புளோரிடாவின் பள்ளி வகுப்புகளுக்கு இம்முறையைக் கொண்டுசென்றார். வகுப்பில் நன்றாக நடப்பவற்றை ஒருவர் கவனித்துப் பிள்ளைகளிடம் சொல்வார். பிறகு வகுப்பே தனக்கு 1 முதல் 10-க்குள் மதிப்பெண் இட்டு, அடுத்த புள்ளிக்கு என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுக்கும். டி ஷேசர் 2005-இலும் பெர்க் 2007-இலும் மறைந்தனர்.

6. நம் மக்களிடையே

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவேண்டாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் உடன்தங்குவது வழக்கமாயிற்று. குடும்பம் பார்வையாளராக நில்லாமல் சிகிச்சையில் பங்கேற்றது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்தபின், 1980-இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் குடிநோய்ச் சிகிச்சை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். குடிப்பவரோடு மனைவியும் ஆலோசனை பெறவேண்டும் என்பது அதன் வழக்கம். 1989 முதல் காவிரிப்படுகையின் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம்கள் நடத்தப்பட்டன. நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத உழவுத் தொழிலாளர்க்கு ஊர் மக்களின் துணையோடு ஊரிலேயே சிகிச்சை கிடைத்தது. குடிகாரன் என்று ஒதுக்கிய ஊரே அவனைத் தாங்கிப் பிடித்தது.

கோவாவில் மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகள் 2017-இல் வெளியாயின. ஆலோசனை சொன்னவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். சில வாரப் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள். கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரில், நடத்தைவழி ஆலோசனை பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் 39 விழுக்காட்டினர் தேறினர். குடிச்சிக்கல் கொண்ட ஆண்களிடம் இது 36-க்கு 26 என்று இருந்தது. தில்லி அரசுப் பள்ளிகளில் இளையோரிடம் இதே குழுவினர் நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அதில் பிள்ளைகள் தம் சிக்கல்கள் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் மனநோய் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இது மந்திரக்கோல் அன்று.

மலாயாத் தோட்டத்து மக்களும் ஒன்றைத் தாமாகவே கண்டுகொண்டார்கள். 1946, 1947-இல் கெடாவில் எழுந்த தொண்டர் படை, குடிக்காதே என்று உபதேசிப்பதோடு நிற்கவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைகளையே எதிர்த்துப் போராடியது. சூழலை மாற்றினால் நடத்தை மாறும் என்பதை எந்த உளவியல் நூலையும் படிக்காமல் உணர்ந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தைப்பூசத்துக்கோ தீமிதித் திருவிழாவுக்கோ விரதமேற்றுக் காப்புக் கட்டிய நாள்களில் எத்தனையோ தந்தையர் குடியைத் தொடுவதில்லை. திருவிழா முடிந்ததும் பழைய கதைதான் என்று நாம் சிரித்துவிடுகிறோம். டி ஷேசரும் பெர்க்கும் இதைக் கண்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். "அத்தனை நாள் எப்படி உங்களால் முடிந்தது? மாலையில் வேலை முடிந்து வந்ததும் என்ன செய்தீர்கள்? வீட்டில் யார் அதை முதலில் கவனித்தார்கள்?" என்று கேட்டிருப்பார்கள். அம்மனிதர் விடை சொல்லும்போது, தம்மால் முடியும் என்பதற்கான சான்றைத் தம் வாயாலேயே தருகிறார். குடிநோய் முற்றியவர் திடீரென நிறுத்தினால் உடலுக்குத் தீங்கு நேரலாம். அவருக்கு மருத்துவர் துணை வேண்டும். ஆனால் பேச்சைத் தொடங்க இக்கேள்வி போதும்.

7. நாம் செய்யக்கூடியவை

சிறிய பள்ளிகளில் உடனே தொடங்கத்தக்க சிலவற்றை எழுதுகிறேன்.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதிவையுங்கள். பிள்ளை தொல்லை தருமுன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று இரண்டு வரி போதும். கணிதப் பாடத்தில் மட்டுமா, ஓய்வு வேளைக்குப் பின் மட்டுமா என்பது தெரியவரும். பசியோடு வரும் பிள்ளையும் பாடம் புரியாத பிள்ளையும் அப்போது கண்ணுக்குப் புலப்படுவார்கள்.

2. "ஏன் செய்தாய்?" என்பதற்கு மாறாக, "நேற்று முழுப்பாடமும் உட்கார்ந்திருந்தாயே, எப்படி முடிந்தது?" என்று கேளுங்கள்.

3. பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று முடிக்காமல், செய்ததைச் சொல்லுங்கள். "மூன்று வரியையும் கோட்டின்மேல் எழுதியிருக்கிறாய்" என்றால் பிள்ளைக்கு மறுபடியும் எதைச் செய்வது என்று தெரியும்.

4. பெற்றோரை அழைத்தால் குற்றப்பட்டியலோடு தொடங்காதீர்கள். "ஐயா, வீட்டில் தம்பி சொன்ன பேச்சைக் கேட்பது எந்த வேலையில்?" என்று தொடங்குங்கள். செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை முடிந்து களைத்து வந்த அந்தத் தந்தை, பள்ளியில் முதன்முறையாகத் தம் பிள்ளையைப் பற்றி நல்லது பேசும் வாய்ப்பைப் பெறுவார்.

5. நம் எல்லையை அறிந்திருப்போம். உடலில் காயம், பாலியல் துன்புறுத்தலின் அறிகுறி, சாக வேண்டும் என்ற பேச்சு, நெடுநாள் மௌனம் ஆகியவற்றைக் கண்டால் கேள்விகளோடு நிறுத்திவிடக் கூடாது. தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி இலாகாவின் ஆலோசகர், மருத்துவமனை ஆகியோரிடம் அன்றே கொண்டு செல்லவேண்டும். 15999 என்ற அரசாங்க உதவி எண்ணும் உண்டு. அடிபடும் பிள்ளையிடம் "நல்ல வேளை எது?" என்று கேட்டுக்கொண்டிருப்பது கொடுமை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் பெயர்ந்துவிட்டன. தாத்தா, பாட்டி, அண்டை வீட்டு அத்தை என்று பிள்ளையைச் சுற்றியிருந்த கண்கள் குறைந்துவிட்டன. முன்பு லயத்தில் பத்துப் பேர் கவனித்த பிள்ளையை இன்று சில வேளைகளில் வகுப்பாசிரியர் ஒருவரே கவனிக்கிறார். அந்த ஒருவரின் பார்வை குற்றத்தை மட்டும் தேடினால், அப்பிள்ளை தன்னைப் பற்றி வேறெதையும் அறியாமலேயே வளர்ந்துவிடும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று சொல்லித்தான் பிரம்பைக் கையில் எடுக்கிறோம். செடியை வளைப்பவர் அதை அடித்து வளைப்பதில்லை. பக்கத்தில் ஒரு கொம்பை நட்டு, நாள்தோறும் சிறிது சிறிதாகக் கட்டுகிறார். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவன் நன்றாக இருந்த பத்து நிமிடங்களைக் கண்டுபிடித்து, அதை அவனிடம் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள்.